வாக்கு வீணாகுமா?

நம் தங்கை மகன் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறான். மெல்போர்ன் நகரில் பொறியாளன். அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பிறகு அவன் சந்தித்த முதல் பொதுத்தேர்தல் 2010 ஆகஸ்டுத் திங்களில் வந்தது. வாக்களிக்க வேண்டிய நாளுக்கு முதல்நாள் இரவு நம்மைத் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா! நாளை வாக்களிக்க வேண்டும். பெரிய கட்சிகள் இரண்டு. இரண்டின்மீதும் எனக்கு மனக்குறை. சிறிய கட்சி ஒன்று இருக்கிறது. பசுமைக் கட்சி என்று பெயர். பருவநிலை பற்றி அவர்கள் பேசுவதுதான் எனக்குச் சரியென்று படுகிறது. ஆனால், அவர்கள் ஆட்சிக்கு வரப்போவதில்லையே! என்ன செய்யலாம்?" என்று கேட்டான்.

நாம் சிந்திக்கவில்லை. சிந்திக்க வேண்டிய தேவை இருப்பதாகவும் கருதவில்லை. நாற்பது ஆண்டுகளாக மேடையிலும் திண்ணையிலும் நாம் சொல்லிப் பழகிய மொழி நாக்கின் நுனியில் ஆயத்தமாக இருந்தது.

"வாக்கை வீணாக்காதே! வெல்லக்கூடிய கட்சிக்குப் போடு!" என்றோம்.

பெரியவர் சொல்லைத் தட்டாத பிள்ளை அவன். சொன்னபடியே செய்தான். பெரிய கட்சிக்கே வாக்களித்தான். முடிவு வந்தது. எந்தக் கட்சி வெல்லாது என்று நாம் அடித்துச் சொன்னோமோ, அந்தக் கட்சியின் ஆடம் பாண்ட் அவனுடைய மெல்போர்ன் தொகுதியிலேயே வென்றுவிட்டார்! அந்தக் கட்சி பொதுத்தேர்தலில் கீழவையின் ஓர் இடத்தைப் பிடித்தது அதுவே முதல் முறை. அது மட்டுமா? 150 இடங்கள் கொண்ட அந்த அவையில் தொழிற் கட்சிக்கு 72. ஆள்வதற்குத் தேவை 76. பசுமைக் கட்சியின் ஒருவரும், கட்சி சாராத மூவரும் கைகொடுத்த பிறகே ஜூலியா கில்லார்ட் அம்மையார் பிரதமராகத் தொடர முடிந்தது.

மருமகன் மீண்டும் அழைத்தான். கோபமில்லை, சிரித்தான். "மாமா! இந்த நாட்டில் வாக்கு எண்ணும் முறையை நீங்கள் கேட்டறிந்தீர்களா?" என்றான்.

கேட்டறியவில்லை! அதுதான் நம் குற்றம். பிறர் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் ஏன், எதற்கு என்று கேட்பவர்கள் நாம். நம்முடைய பழக்கத்தை மட்டும் நாம் கேள்வி கேட்கவில்லை. ஒரு நாட்டின் தேர்தல் முறைக்குப் பொருந்தும் அறிவுரையை, முற்றிலும் வேறான முறையுள்ள இன்னொரு நாட்டுக்கு அப்படியே அனுப்பி வைத்தோம். பழக்கத்தைப் பகுத்தறிவென்று எண்ணுவதும் ஒருவகை மூடநம்பிக்கைதான்.

அந்த முறை யாது? அங்கே வாக்குச்சீட்டில் ஒரு பெயருக்கு எதிரே குறியிட்டுவிட்டு வந்துவிட முடியாது. வேட்பாளர் அனைவருக்கும் 1, 2, 3 என்று வரிசை எண் இட வேண்டும். 1918 முதல் கீழவைக்கு இந்த முறைதான். பாதிக்கு மேல் எவரும் பெறாவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கிவிட்டு, அவருக்கு வந்த சீட்டுகளை அவற்றில் இரண்டாம் எண் பெற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பர். ஒருவர் பாதியைத் தாண்டும் வரையில் இது நடக்கும். ஆகவே, சிறிய கட்சிக்கு 1 என்று எழுதி, பெரிய கட்சிக்கு 2 என்று எழுதினால், சிறிய கட்சி தோற்றாலும் வாக்கு சாவதில்லை. அடுத்தவரிடம் நடந்து போகிறது. 2010-இல் மெல்போர்ன் தொகுதியில் முதல் எண்ணிக்கையில் பசுமைக் கட்சி இரண்டாவதாகவே இருந்தது. மூன்றாவதாக நின்ற லிபரல் கட்சியின் சீட்டுகள் பிரிந்து வந்ததால்தான் வென்றது.

இது கீழவைக் கணக்கு. மேலவையாகிய செனட்டின் கணக்கு வேறு. 1949 தேர்தலிலிருந்து அங்கே விகிதாசார முறை. மாநிலத்துக்குப் பன்னிருவர், வழக்கமான தேர்தலில் அறுவரைத் தேர்ந்தெடுப்பர். ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு வாக்கு, அதாவது 14.3 விழுக்காடு, கிடைத்தால் ஓர் இடம். அதனால் ஆளும் கட்சிக்குச் செனட்டில் பெரும்பான்மை அமைவது அரிது. எந்தச் சட்டமும் அந்த அவையையும் கடந்தாக வேண்டும். கடக்கும் இடத்தில் சிறிய கட்சி நின்றுகொண்டிருக்கும்.

தராசை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! இரு தட்டுகளிலும் மூட்டை மூட்டையாகப் பாரம். பாரம் சமமாகிவிட்டால், ஒரு பக்கம் வைக்கப்படும் சிறு படிக்கல் எந்தப் பக்கம் தாழும் என்பதைத் தீர்மானிக்கிறது. சிறிய கட்சியின் வலிவு அதன் எடையில் இல்லை; அது வைக்கப்படும் நேரத்தில் இருக்கிறது. அந்த வலிவு நன்மைக்கா, தீமைக்கா என்பதே நாம் எண்ண வேண்டியது. இரண்டுக்கும் அந்த நாட்டில் சான்றுகள் இருக்கின்றன.

பசுமைக் கட்சியின் வேர் டாஸ்மேனியா என்ற தீவு மாநிலத்தில் இருக்கிறது. அங்குள்ள பெடர் ஏரியை மின் திட்டத்துக்காக நீரில் மூழ்கடிக்க அரசாங்கம் முடிவு செய்தது. எதிர்த்தவர்கள் 1972-இல் ஐக்கிய டாஸ்மேனியக் குழு என்ற பெயரில் கூடித் தேர்தலில் நின்றனர். உலகின் முதல் பசுமைக் கட்சி என்று வரலாற்றாசிரியர் பலர் குறிப்பது அதனைத்தான். நின்றவர் தோற்றனர், ஏரியும் மூழ்கியது. ஆயினும் தோல்வி அவர்களைக் கலைக்கவில்லை. பத்தாண்டு கழித்து பிராங்க்ளின் ஆற்றுக்கு அணை வந்தபோது மறியல் எழுந்தது. பாப் பிரவுன் என்ற மருத்துவர் சிறை சென்றார். சிறையிலிருந்து வெளிவந்த கையோடு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். 1983-இல் அந்த அணை நாட்டின் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது. 1992-இல் ஆஸ்திரேலியப் பசுமைக் கட்சி அமைந்தது. 1996-இல் பிரவுன் செனட்டுக்குள் நுழைந்தார்.

அவர்கள் எதிர்த்து நின்றது எளிய பகைவனை அல்ல. ஆஸ்திரேலியா நிலக்கரி நாடு. உலகச் சந்தைக்கு மிகுதியாக நிலக்கரி அனுப்பும் நாடுகளுள் ஒன்று. அதன் மின்சாரத்தின் பெரும்பகுதியும் நெடுங்காலம் கரியிலிருந்தே வந்தது. கரியைச் சுட்டால் கரியமிலவாயு, கரியமிலவாயு மிகுந்தால் பூமியின் வெப்பம் மிகும், இது அறிவியல். கரியைத் தொட்டால் சுரங்க முதலாளி சீறுவார், சுரங்கத் தொழிலாளி அஞ்சுவார், வாக்கு சிதறும், இது அரசியல். அறிவியலுக்கும் அரசியலுக்கும் இடையே பெரிய கட்சிகள் ஊசலாடின.

2009 பிப்ரவரி 7. மெல்போர்ன் நகரில் வெப்பம் 46.4 பாகை செல்சியஸ். விக்டோரியா மாநிலத்தின் காடுகளில் தீ. 173 உயிர்கள் மாண்டன. மருமகன் எழுதிய கடிதம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. "சாளரங்களை எல்லாம் மூடிவிட்டோம், மாமா. இருந்தும் வீட்டுக்குள் புகை நாற்றம். குழந்தை இருமுகிறாள்" என்று எழுதியிருந்தான். ஒரு நெருப்புக்கு ஒரே காரணம் கூறுவது அறிவுடைமை ஆகாது. மின்கம்பி அறுந்து மூண்ட தீயும் அதில் உண்டு. மனிதன் மூட்டிய தீயும் உண்டு. ஆனால், காய்ந்த காடும் கடும் வெப்பமும் தீக்குத் துணை. அந்தத் துணை பெருகி வருகிறது என்று அறிஞர்கள் எச்சரித்திருந்தனர்.

அதே ஆண்டில்தான் பெரும் சோதனை வந்தது. பிரதமர் கெவின் ரட், பருவநிலை மாற்றம் தம் தலைமுறையின் பெரும் அறச்சோதனை என்று முழங்கி 2007-இல் ஆட்சிக்கு வந்தவர். கரியமிலவாயுவைக் கக்கும் ஆலைகள் அதற்கு விலை கொடுத்து அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டமுன்வடிவைக் கொண்டுவந்தார். ஆனால், நிபந்தனையின்றி அவர் ஏற்ற இலக்கு, 2020-க்குள் 2000-ஆம் ஆண்டின் அளவிலிருந்து 5 விழுக்காடு குறைப்பது மட்டுமே. மிகுதியாகக் கக்கும் ஆலைகளுக்கு இலவசச் சீட்டுகள் வேறு! செனட்டில் அவருக்குப் பெரும்பான்மை இல்லை. பேச்சு நடத்தியது யாரோடு? லிபரல் கட்சியோடு. உடன்பாடும் ஏற்பட்டது. உடனே அக்கட்சிக்குள் புயல் வீசியது. 2009 டிசம்பர் முதல் நாள், உடன்பாடு கண்ட தலைவர் மால்கம் டர்ன்புல் 42-க்கு 41 என்று ஒரே வாக்கில் வீழ்ந்தார். டோனி அபட் தலைவரானார். மறுநாள் செனட்டில் வாக்கெடுப்பு. ஆதரவு 33, எதிர்ப்பு 41. முன்வடிவு மாண்டது.

எதிர்த்த 41-இல் பசுமைக் கட்சியின் ஐவரும் இருந்தனர்! லிபரல் கட்சியிலிருந்து இருவர் தம் கட்சியை மீறி அரசாங்கத்தின் பக்கம் வந்து வாக்களித்தனர். ஐவரும் அந்தப் பக்கம் போயிருந்தால், 38-க்கு 36. சட்டம் நிறைவேறியிருக்கும்.

இதைப்பற்றி நமக்கும் மருமகனுக்கும் நடந்த வழக்கு பல ஆண்டுகள் தொடர்ந்தது. நாம் கொள்கையின் பக்கம் நின்றோம். "அரைகுறைச் சட்டம் முழுச் சட்டத்தின் பகைவன். குற்றவாளிக்கே கூலி கொடுக்கும் சட்டத்துக்குக் கையெழுத்திடுவதா? ஐவரோடு அரசாங்கம் முறையாகப் பேசவே இல்லையே! சட்டம் இருமுறை தோற்றதால் இரு அவைகளையும் கலைத்து மக்களிடம் போகும் உரிமை பிரதமருக்கு இருந்ததே! 2010 ஏப்ரலில் திட்டத்தையே கிடப்பில் போட்டவர் அவரல்லவா? பழி ஐவர்மீதா?" என்று அடுக்கினோம்.

அவன் அமைதியாகப் பதில் சொன்னான். "நீங்கள் சொல்வதெல்லாம் உண்மை, மாமா. ஆனால், காற்றுக்குக் கட்சிப் பெருமை தெரியாது. 5 விழுக்காட்டில் தொடங்கியிருந்தால் பிறகு 10 ஆக்கலாம், 20 ஆக்கலாம். தொடங்காததைப் பெருக்க முடியுமா? சுழியத்தை எதனால் பெருக்கினாலும் சுழியம்தானே!"

நாம் கொள்கை பேசினோம். அவன் கணக்குப் பேசினான். இருவரில் யார் சரி? இன்றும் அந்நாட்டில் அறிஞர்கள் இருதரப்பாக நின்று வாதிடுகின்றனர். தோற்கும் என்று தெரிந்ததால்தான் அந்த லிபரல் இருவரும் துணிந்து வந்தார்களோ என்னவோ, யார் கண்டார்! நாம் இன்று சொல்லக்கூடியது இவ்வளவே: "இல்லை" என்று சொல்லும் உரிமை சிறிய கட்சிக்கு உண்டு, "இல்லை" என்றதன் விளைவுக்கான பொறுப்பும் அதற்கு உண்டு. "நாம் ஐவர்தானே, நம்மால் என்ன ஆயிற்று?" என்று பிறகு கைகழுவ முடியாது.

இனி 2010-க்கு வருவோம். நம் அறிவுரையால் வாக்கிழந்தும் வென்ற அந்த ஒரே உறுப்பினர் என்ன செய்தார்? தேர்தலுக்கு முன், "என் தலைமையிலான ஆட்சியில் கரி வரி இராது" என்ற பொருள்படப் பேசியவர் கில்லார்ட். தேர்தலுக்குப் பின் செப்டம்பர் முதல் நாள் தொழிற் கட்சிக்கும் பசுமைக் கட்சிக்கும் எழுத்து மூலமான உடன்பாடு. அதன் வழியே, பல கட்சியினரும் கட்சி சாராதவரும் வல்லுநரும் அமர்ந்த பருவநிலைக் குழு ஒன்று அமைந்தது. லிபரல் கூட்டணியையும் அழைத்தனர், அது வரவில்லை. குழு பேசியது, கணக்கிட்டது, சண்டையிட்டது, முடிவெடுத்தது. 2011 அக்டோபரில் கீழவையில் 74-க்கு 72. நவம்பரில் செனட்டில் 36-க்கு 32. சட்டம் பிறந்தது! 2012 ஜூலை முதல் ஒரு டன் கரியமிலவாயுவுக்கு 23 டாலர் விலை.

"மின் கட்டணம் ஏறிவிட்டது, மாமா" என்றான் மருமகன். "ஆனால், வருமானவரி இல்லாத வரம்பை 6,000 டாலரிலிருந்து 18,200 டாலராக உயர்த்தியிருக்கிறார்கள். ஏழைக்கு அடி விழாமல் பார்த்திருக்கிறார்கள்" என்றும் சொன்னான். சட்டம் இருந்த இரண்டு ஆண்டுகளில் மின்துறை கக்கிய கரியமிலவாயு குறைந்தது. அதற்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் சட்டத்துக்கும் பங்கு உண்டு.

அந்த உடன்பாட்டின் விளைவு விலையோடு நிற்கவில்லை. தூய ஆற்றலுக்குக் கடனும் முதலும் கொடுக்க 10 பில்லியன் டாலர் நிதிக் கழகம் ஒன்று. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆராய்ச்சிக்கு ஒரு முகமை. அரசாங்கத்துக்கு அறிவுரை கூறப் பருவநிலை ஆணையம் ஒன்று. இந்த மூன்றையும் நினைவில் நிறுத்துங்கள். கதையின் அடுத்த கட்டத்தில் இவைதாம் முக்கியம்.

2013 செப்டம்பரில் டோனி அபட் வென்றார். கரி விலையை ஒழிப்பேன் என்பதே அவருடைய முழக்கம். ஆனால், அவருக்கும் செனட்டில் பெரும்பான்மை இல்லை! இம்முறை தராசில் விழும் படிக்கல்லைக் கையில் வைத்திருந்தவர் யார் தெரியுமா? கிளைவ் பாமர். சுரங்க முதலாளி, நிலக்கரி உரிமைகள் உடையவர். தம் பெயரிலேயே ஒரு கட்சி தொடங்கி, தாமே ஒரு தொகுதியில் 53 வாக்கு மிகுதியில் வென்று, மூவரைச் செனட்டுக்கும் அனுப்பிவிட்டார். அவர்களோடு சேர்ந்து நின்றவர் மோட்டார் ஆர்வலர் கட்சி என்ற குறுங்கட்சியின் ஒருவர். விக்டோரியா மாநிலத்தில் அவருக்குக் கிடைத்த முதல் வாக்கு 0.51 விழுக்காடு! வாக்காளர் அறியாமலே கட்சிகள் தமக்குள் சீட்டுகளை மாற்றிக்கொள்ள அன்றைய செனட் முறை இடமளித்தது. அந்த ஓட்டையை 2016-இல் அடைத்தனர்.

2014 ஜூன் 25 அன்று பாமர் செய்தியாளரைச் சந்தித்தார். பக்கத்தில் நின்றவர் அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர்! உலகமே பருவநிலைத் தூதுவர் என்று அறிந்தவர், சுரங்க முதலாளியின் பக்கத்தில்! பாமர் அறிவித்தார்: கரி விலையை ஒழிக்க வாக்களிப்போம், ஆனால், நிதிக் கழகத்தை ஒழிக்க விடமாட்டோம், ஆணையத்தையும் ஒழிக்க விடமாட்டோம். ஜூலை 17 அன்று 39-க்கு 32 என்று கரி விலை மடிந்தது. நிதிக் கழகம் மடியவில்லை. ஆராய்ச்சி முகமை மடியவில்லை. ஆணையமும் மடியவில்லை. அந்த மூன்றும் இன்றும் இருக்கின்றன.

ஏன் அப்படிச் செய்தார் பாமர்? கொள்கையா, விளம்பரமா, வேறு கணக்கா? மனத்தைத் திறந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை. விளைவைப் பார்க்கலாம். ஒரே கை, ஒரே மாதத்தில், ஒன்றை வெட்டியது, மூன்றைக் காத்தது. சிறிய கட்சி என்றால் தூய கட்சி என்று நம்புவோருக்கும் இது பாடம். சிறிய கட்சி என்றால் குப்பை என்று தள்ளுவோருக்கும் இது பாடம். மற்றொன்றும் தெரிகிறது. விலை என்பது ஒரு வாக்கெடுப்பில் வந்தது; ஒரு வாக்கெடுப்பில் போயிற்று. நிறுவனம் என்பது வேர்விட்டு நின்றது. மூன்று ஆண்டு ஆளும் அரசாங்கத்திடம் ஐம்பது ஆண்டு நிற்கும் நிறுவனத்தைப் பெறுவதே சிறிய கட்சியின் சிறந்த பேரம்.

முன்னே இழுப்பதற்கு மட்டுமா இந்த வலிவு? பின்னே இழுப்பதற்கும்தான். லிபரல் கட்சியின் கூட்டாளி நேஷனல் கட்சி. நாட்டுப்புறத்தையும் சுரங்க மாவட்டங்களையும் சார்ந்தது. 2021 அக்டோபரில் கிளாஸ்கோ மாநாட்டுக்குப் புறப்படுமுன், 2050-க்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்குவோம் என்று அறிவிக்கப் பிரதமர் ஸ்காட் மாரிசன் விரும்பினார். கூட்டாளி இசைய வேண்டுமே! நாள்கணக்கில் பேரம். இசைந்தது; அதற்கு ஈடாக அமைச்சரவையில் கூடுதலாக ஓர் இடம் பெற்றது. 2030 இலக்கோ இம்மியும் உயரவில்லை. அந்த இசைவாவது நிலைத்ததா? எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த பிறகு, 2025 நவம்பரில் நேஷனல் கட்சி அந்த உறுதியைக் கைவிட்டது. இரண்டே வாரத்துக்குள் பெரிய கட்சியாகிய லிபரல் கட்சியும் அதே வழியில் நடந்தது. நாய் வாலை ஆட்டும் என்பர். இங்கே வால் நாயை ஆட்டிற்று.

இதற்கிடையே 2022 மே திங்களில் தொழிற் கட்சி மீண்டும் ஆட்சிக்கு வந்தது. ஆன்டனி அல்பனீசி பிரதமர். பசுமைக் கட்சிக்குக் கீழவையில் நால்வர், செனட்டில் பன்னிருவர். நகர்ப்புறச் செல்வத் தொகுதிகளில் பருவநிலையை முன்வைத்து நின்ற கட்சி சாராப் பெண்கள் பலர் லிபரல் கோட்டைகளைத் தகர்த்தனர். அரசாங்கம் கொண்டுவந்த இலக்கு: 2030-க்குள் 2005-இன் அளவிலிருந்து 43 விழுக்காடு குறைப்பு. பசுமைக் கட்சி கேட்டதோ 75!

மருமகன் பதறிப்போய் அழைத்தான். "மாமா! மீண்டும் 2009 வருமோ?" நமக்கும் அதே அச்சம்.

வரவில்லை. இலக்கு போதாது என்று வெளிப்படையாகக் கூறிக்கொண்டே பசுமைக் கட்சி ஆதரித்து வாக்களித்தது. 43 என்பது தரையே அன்றிக் கூரை அன்று, அதாவது உயர்த்தலாம், தாழ்த்தலாகாது என்ற உறுதியைச் சட்டத்தில் பெற்றுக்கொண்டது. 2022 செப்டம்பரில் சட்டம் நிறைவேறியது.

அடுத்த ஆண்டு இன்னும் கடினமான பேரம். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கக்கும் 215 பெரும் ஆலைகளும் சுரங்கங்களும் தம் உமிழ்வு வரம்பை ஆண்டுதோறும் 4.9 விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற திட்டம். ஆலைகள் தாம் குறைக்காமல், வேறு எவரோ மரம் நட்டதற்கான சான்றிதழை வாங்கிக் கணக்குக் காட்டலாம் என்று அதில் இடம் இருந்தது. பாவத்தைச் செய்துவிட்டுப் பரிகாரத்தைக் காசு கொடுத்து வாங்குவது போல! புதிய நிலக்கரி, எரிவாயுச் சுரங்கம் எதுவுமே கூடாது என்று பசுமைக் கட்சி கேட்டது. கிடைக்கவில்லை. ஆனால், வெறுங்கையோடும் திரும்பவில்லை. எல்லா ஆலைகளும் உண்மையில் கக்கும் மொத்த அளவு 140 மில்லியன் டன்னைத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பைச் சட்டத்தில் ஏற்றச் செய்தது. 2023 மார்ச்சில் அது நிறைவேறியது. பெரிய கட்சி தானாக எழுதாத வரி அது. சிறிய கட்சி எழுத வைத்த வரி.

2009-இல் "இல்லை" என்றவர்கள், 2022-லும் 2023-லும் "ஆம், ஆனால்" என்றனர். அந்த "ஆனால்" என்ற சொல்லில்தான் அவர்கள் பதின்மூன்று ஆண்டுகளில் கற்ற பாடம் அடங்கியிருக்கிறது. "ஆம்" என்று மட்டும் சொன்னால் அவர்கள் தேவையில்லை. பெரிய கட்சியே போதும். "இல்லை" என்று மட்டும் சொன்னால் காற்று குளிராது. "ஆனால்" என்று சொல்லத் தெரிந்தவனே தராசில் வைக்கத் தகுந்த படிக்கல்.

அதற்கு மக்கள் மாலை சூட்டினார்களா? இல்லை. 2025 மே தேர்தலில் தொழிற் கட்சிக்கு 94 இடங்கள். பசுமைக் கட்சி கீழவையில் நால்வரிலிருந்து ஒருவராகத் தேய்ந்தது. மெல்போர்ன் தொகுதியில் தலைவர் ஆடம் பாண்டே தோற்றார். எப்படித் தோற்றார்? முதல் எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தார். பிறருடைய சீட்டுகள் பிரிந்து வந்தபோது பின்தங்கினார். 2010-இல் எந்தப் படியில் ஏறினாரோ, அதே படியில் இறங்கினார். ஆயினும் செனட்டின் கணக்கு மாறிவிடவில்லை. அந்தத் தேர்தலுக்குப் பிறகும், பசுமைக் கட்சி கைகொடுத்தால் வேறு எவர் துணையுமின்றித் தொழிற் கட்சி சட்டம் இயற்றலாம் என்பதே நிலை.

தோழர்களே! பதினைந்து ஆண்டுக் கதையைச் சொன்னோம். இதில் நாம் கண்ட உண்மை என்ன?

பெரிய கட்சிகள் பெரும்பான்மையைத் தேடுகின்றன. பெரும்பான்மை இன்றைய கூலியையும் இன்றைய கட்டணத்தையும் எண்ணி வாக்களிக்கிறது. அது குற்றமன்று, வயிறு இன்றே பசிக்கிறது. ஆனால், கரியமிலவாயு இன்றைய கணக்கில் தீர்வதில்லை. வானில் நூற்றாண்டுக் கணக்கில் தங்குகிறது. நாளை பிறக்கப்போகும் குழந்தைக்கு இன்று வாக்கில்லை. வாக்கில்லாத அந்தக் குழந்தைக்காகப் பேச எவரேனும் அவையில் ஓர் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். சிறிய கட்சிக்கு அந்த வேலை பொருத்தமானது. அதைச் செய்யும் சிறிய கட்சி உண்டு. அதை விற்கும் சிறிய கட்சியும் உண்டு. அளவைப் பார்த்து மதிப்பிடாதீர்கள். "பேரத்தில் எதைக் கேட்டாய்? எதைப் பெற்றாய்? பெற்றது உனக்கா, ஊருக்கா?" என்று கேளுங்கள். அமைச்சர் பதவி கேட்டவர்களையும் பார்த்தோம். உமிழ்வுக்கு உச்சவரம்பு கேட்டவர்களையும் பார்த்தோம். இரண்டும் பேரமே. இரண்டும் ஒன்றாகுமா?

கடைசியாக நம் கணக்கையும் தீர்த்துவிடுகிறோம். 2025 தேர்தலுக்கு முதல்நாள் இரவு மருமகன் அழைத்தான். பதினாறு ஆண்டுக்கு முன் புகையில் இருமிய குழந்தைக்கு இப்போது வாக்குரிமை வந்துவிட்டது. தந்தையும் மகளும் ஒன்றாகச் சாவடிக்குப் போகிறார்களாம்.

"இம்முறை அறிவுரை உண்டா, மாமா?" என்று குறும்பாகக் கேட்டான்.

"அன்று நாம் சொன்னது தவறு. உன் நாட்டு முறையை அறியாமல் சொன்னோம். அந்தத் தவற்றுக்கு வருந்துகிறோம்" என்றோம். மூத்தவர் இளையவரிடம் வருத்தம் தெரிவிப்பது நம் குடும்பங்களில் வழக்கமில்லை. வழக்கமில்லாததால்தான் சொன்னோம்.

யாருக்கு வாக்களிப்பாய் என்று அவனிடம் கேட்கவில்லை. அவன் மகளிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொன்னோம். "நீ 1 என்று எழுதும் பெயருக்கு எதிரே, ஏன் என்று உனக்கு நீயே ஒரு காரணம் சொல்லிக்கொள், அம்மா. அந்தக் காரணம் உன்னுடையதாக இருக்கட்டும். அப்போது எந்த வாக்கும் வீணாகாது" என்றோம்.

"சரி, தாத்தா. காரணம் ஏற்கெனவே இருக்கிறது" என்றாள்.